வண்டிக்கு அடியில் நாம் பேசியது

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

நாளை மறுநாள் உங்களுக்கு முதல் வருஷத் திதி. பந்தலூரிலிருந்து உங்கள் தம்பி குடும்பத்தையும், உங்களோடு பேக்டரியில் வேலை பார்த்த நாலைந்து பேரையும் ஊட்டிக்கு அழைத்து வர வேண்டும். அதற்காக நேற்றுக் காலை வண்டியைத் துடைத்து, டயருக்குக் காற்றுப் பார்த்து, கடைசியாக அடியில் தொங்கும் ஸ்டெப்னிச் சக்கரத்தை இறக்கிப் பார்க்கலாம் என்று பின்கதவைத் திறந்தேன். கம்பியை விட்டுத் திருகினால் அசைய மறுத்தது.

எப்படி அசையும்? போன வருஷம் ஆனி மாதம் நீங்கள் படுக்கையில் இருந்தீர்கள். இந்த வருஷம் ஆனியில் நீங்கள் இல்லை. இரண்டு மழைக்காலம் முழுக்க அந்தச் சக்கரம் சேற்றிலும் ஈரத்திலும் தொங்கியிருக்கிறது. நான் அதன் பக்கமே போகவில்லை.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில், பேச்சு தேய்ந்துபோயிருந்த நாளில், "ஸ்டெப்னிய எறக்கித் தொடச்சீங்களா?" என்று கேட்டீர்கள். "தொடச்சுட்டனுங்க மாமா" என்றேன். அது பொய். நீங்கள் இல்லாமல் தனியாக அந்த வேலையைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

வாசலில் உறைபனி இன்னும் கரையவில்லை. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். எனக்கு இடதுபக்கம் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அங்கேயே படுத்துக்கொண்டு பழசையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். என்றாவது இந்தக் கடிதம் வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கு நம் கதை தெரியாது. அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே ஒரு முறை சொல்லிக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எமரால்டுப் பக்கம் காய்கறி விவசாயக் குடும்பத்துப் பையன். ஊட்டி மார்க்கெட்டில் விதைக்கடை வைத்திருக்கிறேன். சுகந்தி பந்தலூரிலிருந்து இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தவள். நீங்கள் பன்னிரண்டு வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, பிறகு பந்தலூர் எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசைவீடான லயத்தில் குடியிருந்து, அங்கே பேக்டரியிலேயே தலைநரைத்தவர். எங்கள் கல்யாணத்துக்கு என் வீட்டில் யாரும் மனதாரச் சம்மதிக்கவில்லை. என் பெரியப்பா சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தலையாட்டினார்கள். அப்பா இறந்த வீட்டில் அவர் பேச்சுதான் கடைசிப் பேச்சு.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் முதல் பந்தி போட்டார்கள். நீங்களும், சுகந்தியின் அம்மாவான அத்தையும், உங்கள் அக்காவும், பந்தலூரிலிருந்து இரண்டு ஜீப்பில் வந்த உங்கள் சனமும் உட்கார்ந்தீர்கள். உங்கள் அக்கா இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா பரிமாறுகிறவர்களைப் பார்த்து, "லயத்து ஆளுகள அப்பறமா உக்காரச் சொல்லுங்கப்பா. நம்ம சனம் மொதல்ல உண்ணட்டும்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சாம்பாரைக் கொண்டுவரச் சொல்கிற குரலில் சொன்னார்.

நீங்கள் எழுந்தீர்கள். உங்கள் அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டீர்கள். நான் மூன்றடி தள்ளி மாலையோடு நின்றுகொண்டிருந்தேன், சுகந்தி என் பக்கத்தில். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் குனிந்து, மாலையில் பிரிந்திருந்த சரிகையைச் சரிசெய்தேன். நிமிர்ந்து பார்த்தபோது நீங்கள் எல்லோரும் வாசலைத் தாண்டியிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் நீங்கள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மகளைப் பார்க்க வருவீர்கள், பேத்தி பிறந்தபோது வந்து பத்து நாள் இருந்தீர்கள். எனக்கான பேச்செல்லாம் சுகந்தி வழியாகத்தான் வரும். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "அவருக்குத் தேத்தண்ணி வேணுமான்னு கேளு" என்பீர்கள். "வேணும்னு சொல்லு" என்பேன் நான். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போவாள்.

இனியாவுக்கு மூன்று வயதில் எமரால்டில் காதுகுத்து வைத்தோம். சுகந்திக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. தாய்மாமன் இடத்தில் நீங்கள்தான் குழந்தையை மடியில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பந்தியை விட்டு எழுந்துபோன பிறகு அந்த ஊருக்கு நீங்கள் வரச் சம்மதித்தது பேத்திக்காக மட்டும்தான். அத்தை முதல் நாளே சுகந்தியோடு போய்விட்டார். நீங்கள் காலை பஸ்ஸில் வந்து ஊட்டியில் இறங்க, நான் அழைத்துப் போவதாக ஏற்பாடு. பத்தரைக்கு முகூர்த்தம்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பேத்திக்கு வாங்கிய பட்டுப்பாவாடைப் பை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தீர்கள். பாலாடா வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. கேரட் கழுவுகிற இடத்தைத் தாண்டி ஒரு வளைவில் முன்சக்கரம் தட்டென்று இறங்கியது.

பஞ்சர்தானே, பத்து நிமிஷ வேலை என்றுதான் இறங்கினேன். அந்த வண்டியை நான் பழசாக வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதில் ஸ்டெப்னி டிக்கிக்குள் இருக்காது. பின்பக்கம் அடியில், ஒரு இரும்புக் கயிற்றில் தொங்கும். டிக்கித் தரையில் இருக்கும் துளைக்குள் நீளக் கம்பியை விட்டுத் திருகினால், கயிறு சுற்றியிருக்கும் சின்ன உருளை சுழன்று சக்கரத்தைக் கீழே இறக்கும். வின்ச் என்பார்கள். ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை.

திருகினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினேன். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். போனில் சிக்னல் இல்லை. சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, அடியில் என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்கப் போய்ப் படுத்தேன். உருளை துருவும் சேறுமாக இறுகிப்போயிருந்தது.

மேலே நீங்கள் பின்கதவுப் பக்கம் வந்து நிற்பது கால்களைப் பார்த்துத் தெரிந்தது. பிறகு கம்பி துளைக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. "எந்தப் பக்கம் திருகணும்?" என்று கேட்டீர்கள். யாரைக் கேட்டீர்கள்? சுகந்தி இல்லை. அந்த ரோட்டில் நம் இருவரைத் தவிர மேய்கிற இரண்டு மாடுதான். கேள்வி எனக்குத்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வலதுபக்கமுங்க மாமா" என்றேன்.

நீங்கள் திருகத் திருக, அது இன்னும் இறுகிக்கொண்டு போனது. கால்மணி நேரம் அப்படியே போராடினோம். திடீரென்று நிறுத்திவிட்டு, "நீங்க எங்கிட்டு இருந்து பாக்குறீங்க?" என்றீர்கள்.

"அடியிலிருந்துங்க."

"அடியிலருந்து வலதுன்னா, எனக்கு மேலருந்து எடதுல்ல?"

இரண்டு பேரும் சேர்ந்து அதை நன்றாக முடுக்கி வைத்திருந்தோம். நான் அடியில் சிரித்தேன். நீங்கள் மேலே சிரித்தீர்களா? இன்றுவரை தெரியாது. இடதுபக்கம் திருகினீர்கள். கிர்ரென்று அரைச்சுற்று வந்து நின்றுவிட்டது.

அந்த நேரத்தில்தான் எமரால்டு போகிற பிக்கப் ஒன்று நின்றது. முன்னால் ஒரு ஆள் ஏறிக்கொள்ளலாம் என்றார் டிரைவர். மணி பத்து. "மாமா, நீங்க போயிருங்க. நேரமாச்சுங்க. நான் எப்படியாச்சும் வந்தர்றேன்" என்றேன். நீங்கள் டிரைவரிடம் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "அடியில படுத்திருக்கிற ஆள விட்டுட்டு நான் எங்கிட்டுப் போறது? வந்துக்கிட்டே இருக்கோம்னு மட்டும் அங்க சொல்லிருங்க."

பிக்கப் போய்விட்டது. விருந்தாளிகளுக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த யூகலிப்டஸ் தைலம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. நீங்கள் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, என் இடதுபக்கம் வந்து படுத்தீர்கள். அந்த வெள்ளைச் சட்டையின் முதுகு சேற்றில் தோய்ந்தது. தைலத்தை உருளையின் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டீர்கள். கண்ணெல்லாம் எரிந்தது. "கொஞ்சம் ஊறட்டும்" என்றீர்கள். வெளியே தூறல் ஆரம்பித்தது.

வண்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கலாம். இருவருமே நகரவில்லை. உள்ளே போனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார வேண்டும் என்பதாலா? அடியில் அந்தத் தொல்லை இல்லை. முகத்துக்கு ஒரு முழம் மேலே துருப்பிடித்த தகரம்தான்.

"ஒண்ணு கேக்கவா?" என்றீர்கள்.

"கேளுங்க மாமா."

"அன்னைக்கு எங்க அக்காவ எலைக்கு முன்னாடியிருந்து எழுப்புனப்போ, பெரியப்பா சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

இந்தக் கேள்விக்கு ஐந்து வருஷமாக ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். மேளச் சத்தம், கூட்டம், ஒன்றும் கேட்கவில்லை என்று. அது வாய்வரை வந்தது.

"விழுந்துச்சுங்க மாமா."

"விழுந்தும் பேசாம நின்னீங்க."

"பயமா இருந்துச்சுங்க. வாயைத் தெறந்தா பெரியப்பா எல்லாத்தையும் அங்கயே நிறுத்திப் போடுவாருன்னு நெனச்சேன். தாலியே கட்டியாச்சு, அப்பறம் எதை நிறுத்துவாருன்னு அப்பத் தோணல. தப்புங்க மாமா. மன்னிச்சுக்குங்க."

தூறல் வலுத்து, வண்டியைச் சுற்றி நாலு பக்கமும் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு தகரத்தைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "சிலோன்லருந்து வந்து எறங்குனப்போ மண்டபம் கேம்ப்புல தட்டத் தூக்கிக்கிட்டுச் சோத்துக்கு வரிசையில நின்னோம். எங்கப்பனுக்கு வெக்கம், வரல. எங்கக்காதான் என் கையப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அந்த வரிசையிலகூட எங்கள யாரும் வெலகி நில்லுன்னு சொல்லல."

நான் தைலப் பாட்டிலின் மூடியைத் தேடி எடுத்து மூடினேன்.

"காதுல விழலைன்னு சொல்லியிருந்தீங்கன்னா, திரும்பிப் போற பஸ்ஸப் புடிச்சிருப்பேன்" என்றீர்கள். "ஊறியிருக்கும். மேல போயித் திருகிப் பாருங்க. மொதல்ல கொஞ்சம் முடுக்குங்க, அப்பறம் தளத்துங்க. முன்னயும் பின்னயுமா ஆட்டுங்க."

ஆட்டினேன். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ உருளை முனகிக்கொண்டு சுழன்றது. சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்தபடி இறங்கியது. நீங்கள் அடியிலிருந்து "வருது, வருது, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். தரையில் பட்டதும் அதைத் தட்டிக்கொடுத்தது எனக்குக் கேட்டது.

பதினோரு மணிக்கு மேல்தான் போய்ச் சேர்ந்தோம். சுகந்தி இனியாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். நேரமாகிறது, வேறு யாராவது மடியில் வைக்கட்டும் என்று சொன்னவர்களிடம் குழந்தையைத் தர மறுத்திருக்கிறாள். நீங்கள் முதுகெல்லாம் சேறு, கையெல்லாம் கறுப்பு, தைல வாசனையோடு உள்ளே நுழைந்தீர்கள். பெரியப்பா மேலும் கீழும் பார்த்தார்.

"ஏப்பா கதிரேசா, இந்தக் கோலத்துலயா கொழந்தைய மடியில வெக்கறது? லயத்துலிருந்து நேரா எந்திரிச்சு வந்தாப்பல."

கூடத்தில் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள்.

"அந்தச் சேறு என்ற வண்டிக்கு அடியில ஒட்டுனதுங்க பெரியப்பா. மாமா மடியிலதான் வெக்கறோம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "கல்யாணத்தன்னிக்கு நீங்க அவங்க சனத்தப் பந்தியிலிருந்து எழுப்புனீங்க. நான் பாத்துக்கிட்டே நின்னேன். அன்னைக்கே பேசியிருக்கோணும். பேசாதது என் தப்பு. இனி அந்த வார்த்தைய இந்த ஊட்டுல சொல்லாதீங்க."

பெரியப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். இன்றும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, மாமா. என்னைத் தூக்கி வளர்த்த கைதான் அதுவும்.

நீங்கள் எதுவுமே நடக்காததுபோல மணையில் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டீர்கள். ஆசாரி காதைத் தொட்டதும் இனியா வீறிட்டு அழுது, உங்கள் சட்டையைக் கசக்கி, அந்தக் கறுப்பையெல்லாம் புதுப்பாவாடையில் பூசிக்கொண்டாள். "அப்பிச்சி, அப்பிச்சி" என்று உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தாத்தா என்று கூப்பிடாமல் எங்கள் பக்கத்து வழக்கப்படி அப்பிச்சி என்கிறாளே என்று உங்களுக்கு மனத்தாங்கல் இருந்தது சுகந்தி சொல்லி எனக்குத் தெரியும். அன்றிலிருந்து "அப்பிச்சிகிட்ட வா" என்று நீங்களே கூப்பிட ஆரம்பித்தீர்கள்.

பந்தியில் எனக்காகக் காத்திருந்து, "சாப்புட்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். மாப்பிள்ளை என்று நீங்கள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆனி மாதமும் மழை பிடிப்பதற்கு முன் பந்தலூரிலிருந்து கிளம்பி வந்துவிடுவீர்கள். ஒரு டப்பா கிரீஸ், ஒரு பொட்டலம் தேயிலைத்தூள். ஸ்டெப்னியை இறக்கித் துடைத்து, கயிற்றுக்குக் கிரீஸ் தடவி, மறுபடி ஏற்றுவது அரைமணி நேர வேலை. நாம் அதை மதியச் சாப்பாடு வரை இழுப்போம். பேக்டரி இரைச்சலிலேயே இருந்து உங்கள் ஒரு காது மந்தமானதை, சிலோனில் விட்டுவந்த நாய்க்குட்டியை, அத்தையை முதலில் பார்த்த நாளை எல்லாம் அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னீர்கள். வெளியே வந்தால் பழையபடி இரண்டு பேருக்கும் பேச்சு வராது. "என்னா, ரெண்டு பேரும் உள்ளயே குடும்பம் நடத்தப் போறீங்களா?" என்று சுகந்தி குனிந்து பார்ப்பாள்.

அத்தை இப்போது எங்களோடுதான் இருக்கிறார். குளிருக்கு உங்கள் பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறார். கழற்றித் துவைக்கக் கொடு என்றால் மட்டும் கோபம் வருகிறது. இனியாவுக்குப் பத்து வயது ஆகிறது.

நேற்று நடந்ததற்கு வருகிறேன். நான் அடியில் படுத்திருந்தபோது சுகந்தி தேடிக்கொண்டு வந்தாள். குனிந்து பார்த்தவள், என்ன நினைத்தாளோ, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த இடதுபக்க இடத்தில் வந்து படுத்துவிட்டாள். போன் வெளிச்சத்தை உருளைமேல் காட்டினாள். நான் எண்ணெய் விட்டேன்.

"அன்னைக்கு ரெண்டு பேரும் இப்புடிப் படுத்துக்கிட்டு என்னாதான் பேசுனீங்க?" என்றாள். "அப்பாகிட்ட எத்தன தடவ கேட்டுட்டேன். வண்டியப் பத்தின்னு சொல்லிட்டாரு."

நான் முழுவதையும் சொன்னேன். நீங்கள் கேட்டது, நான் சொன்னது, மண்டபம் கேம்ப், திரும்பிப் போகிற பஸ் எல்லாம். அவள் பிடித்திருந்த வெளிச்சம் அசையவே இல்லை.

"அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்க. சபையில பெரியப்பாகிட்டச் சொன்னீங்க" என்றாள் கடைசியில். "என்கிட்ட?"

எண்ணெய்ப் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன், மாமா.

"எழுப்புனது என் அத்தைய. போனது என் அப்பா, அம்மா. தாலி ஏறி அரைமணி நேரங்கூட ஆகல. என் சனத்துல ஒருத்தர் இல்லாம உங்க பக்கத்துல உக்காந்து நான் அந்தச் சோத்தத் தின்னேன். அது எப்புடி எறங்குச்சுன்னு இதுநாள்வரைக்கும் நீங்க கேட்டதில்ல."

பன்னிரண்டு வருஷம். ஒரே வீடு, ஒரே அடுக்களை. உங்களிடம் சரிசெய்துவிட்டேன், ஊரறியச் சொல்லிவிட்டேன், அதோடு கணக்கு முடிந்தது என்று இருந்திருக்கிறேன். அவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள் என்பதை நான் எப்படி மறந்தேன்? மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் கேட்டது அதையல்ல என்று தோன்றியது.

"எப்படி எறங்குச்சு சுகந்தி?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள். எண்ணெய் ஊறி, மேலே வெயில் ஏறி, வாசல் பனி உருகித் தண்ணீராகும் வரைக்கும் சொன்னாள். அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். உங்களிடம்கூடச் சொல்லாததை என்னிடம் சொன்னாள். அது என்னோடு இருக்கட்டும்.

பிறகு அவள் வெளியே போய்க் கம்பியைத் திருகினாள். எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்கவே இல்லை. சரியாகத் திருகினாள். சக்கரம் இறங்கிவிட்டது, மாமா.

இனியாவுக்கு அவள் காதுகுத்துக் கதை ரொம்பப் பிடிக்கும். சேற்றோடு வந்த அப்பிச்சி, கறுப்பான பாவாடை என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த அளவுக்குத்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். திதி முடிந்ததும் மீதியையும் நானே சொல்லப்போகிறேன். அவளுடைய அம்மாவின் சனம் இலைக்கு முன்னாலிருந்து எழுந்துபோனதையும், அப்போது அவளுடைய அப்பன் குனிந்து சரிகையைச் சரிசெய்துகொண்டிருந்ததையும், எதையும் மழுப்பாமல் சொல்வேன். சுகந்தி பக்கத்தில் இருப்பாள். நான் எங்காவது விட்டுவிட்டால் அவள் திருத்துவாள். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

என்றும் உங்கள் மகளின் கணவன், உங்கள் வாயால் மாப்பிள்ளை என்று அழைக்கப்பட்டவன்,
கதிரேசன்